வீணை வடிவ ஏரியில் ஒரு தூண்டிற்காரர்

யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவிலே புகையிரதம் ஏறினால், மலையைக் குடைந்த சுரங்கங்களைக் கடந்து, ஏறக்குறைய இருபது நிமிட நேரத்துள் பிவா ஏரியின் மேற்குக் கரையிலுள்ள கதாதா என்னும் ஊரை அடையலாம். பிவா என்பது யப்பானியர் ஏந்தி மீட்டும் ஒரு நரம்புக் கருவியின் பெயர். பார்த்த அளவில் நம் வீணையை நினைவூட்டுவது. வடக்கே குடம்போல அகன்று, தெற்கே தண்டுபோல ஒடுங்கிக் கிடக்கும் இவ்வேரிக்கு அக்கருவியின் பெயரே வந்து வாய்த்தது என்பர்.

யப்பானில் இதனிற் பெரிய ஏரி வேறில்லை. பரப்பு ஏறத்தாழ 670 சதுர கிலோமீற்றர். வடபாகம் 100 மீற்றருக்கும் அதிகமான ஆழமுடையது. தென்பாகமோ சராசரி 4 மீற்றர் ஆழமே கொண்டது. இரு பாகங்களும் சந்திக்கும் இடுக்கான இடத்தில் 1964ஆம் ஆண்டு ஒரு நெடும்பாலம் அமைத்தனர். உலகின் மிகத் தொன்மையான ஏரிகளுள் இதுவும் ஒன்று. நாற்பது இலட்சம் ஆண்டுக் காலம் நீர் வற்றாது நின்றமையால், வேறெங்கும் காணக் கிடையாத மீன்களும் நத்தைகளும் சிப்பிகளும் இதனுள்ளே தோன்றி வாழ்கின்றன.

கதாதா கரையில், நீரில் நட்ட தூண்களின் மேல் ஒரு சிறு கோயில் நிற்கிறது. மிதக்கும் மண்டபம் என்று அதனை அழைக்கின்றனர். அந்தி வேளையில் காட்டு வாத்துக் கூட்டம் இவ்விடத்தே வந்திறங்கும் காட்சியை, ஓவியர் ஹிரோஷிகே 1830களிலே தீட்டி உலகறியச் செய்தார். ஆயினும், ஓவியக் காட்சியைத் தேடி நாம் அங்கே போகவில்லை. அவ்வேரியிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூண்டில் வீசிவரும் பெரியவர் ஒருவரைக் காணவே போனோம். கியோத்தோவிலே கல்வி பயிலும் நம் நாட்டு மாணவர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தார்.

பெருவாய் படைத்த விருந்தாளி

பெரியவர் நாடுவது பாஸ் என்னும் மீன். இது யப்பானுக்கு உரியதன்று. வட அமெரிக்காவின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் உரியது. பச்சை கலந்த முதுகு. பக்கவாட்டிலே தலை முதல் வால் வரை ஓடும் கரும்பட்டை. கண்ணுக்கு அப்பாலும் கிழிந்து செல்லும் வாய். அவ்வாயினாலேயே பெருவாய்ப் பாஸ் என்று பெயர் பெற்றது.

நம் குளங்களில் வாழும் விராலை அறிந்தவருக்கு இதன் குணத்தை விளக்குதல் எளிது. விராலைப் போலவே இதுவும் பாசிக்குள்ளும் மரவேரின் நிழலிலும் அசையாது மறைந்திருக்கும். இரை அண்மையில் வந்ததும் பாயும். வாயை ஒரு கணத்தில் அகலத் திறக்க, நீரும் இரையும் சேர்ந்து உள்ளே இழுக்கப்படும். விராலைப் போலவே முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். இரண்டும் உறவு மீன்களல்ல. ஆயினும் ஒரே தொழிலைச் செய்கின்றன.

1925ஆம் ஆண்டில் அகாபொஷி தெத்சுமா என்னும் வணிகப் பெருமகனார் இம்மீன்களை அமெரிக்காவிலிருந்து கொணர்ந்து, ஹக்கோனே மலையிலுள்ள அஷி ஏரியிலே விட்டார். உணவுக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும் என்பது அவர் எண்ணம். அங்கிருந்து அது நாடெங்கும் பரவியது. பிவா ஏரியில் 1974ஆம் ஆண்டிலே முதன்முதல் காணப்பட்டது; 1980களிலே பல்கிப் பெருகியது.

நமது பெரியவர் எழுபது வயதைக் கடந்தவர். அவருடைய தந்தையார் அதே ஏரியில் மீன்பிடித்து வாழ்ந்தவர். தந்தையார் பிடித்தவை ஏரிக்கே உரிய மீன்கள்: விரல் நீளமுள்ள ஹொன்மொரோகோ, நிகோரொபுனா என்னும் கெண்டையினம், ஆயு என்னும் வெள்ளி மீன். மகனோ இளமையில் அமெரிக்கச் சஞ்சிகைகளிலே பாஸ் மீனின் படங்களைக் கண்டு மயங்கி, சுருள் பொருத்திய தூண்டிற்கோலை வாங்கினார். “ஒரே படகுத்துறையில் இரண்டு தொழில்கள் நடந்தன. தந்தை வயிற்றுக்காகப் பிடித்தார், நான் மனத்துக்காகப் பிடித்தேன்” என்று அவர் சொன்னார்.

பெட்டிக்குள் ஒரு பொய்யுலகம்

பாஸ் மீனுக்கு மண்புழுவோ தவளையோ கோப்பாரும் உளர். ஆனால் இவ்விளையாட்டின் சிறப்பெல்லாம் பொய்யிரையிலேதான் இருக்கிறது. உயிரற்ற மரத்தையும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் நீருக்குள் உயிருள்ளதுபோல நடிக்கச் செய்வதே வித்தை.

பெரியவர் தம் பெட்டியைத் திறந்து காட்டினார். சிறுவர் விளையாட்டுப் பொருட்கடைக்குள் நுழைந்தது போலிருந்தது. வண்ணந் தீட்டிய மரமீன்கள், றப்பர்த் தவளைகள், கரண்டி போன்ற தகடுகள், சுழலும் இலைத்தகடுகள், ஊதா நிறப் புழுக்கள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

மரத்தில் தவளை செதுக்கியவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே, டோவாஜியாக் என்னும் ஊரில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹெடன். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில், குளக்கரையிலே பொழுது போக்காகச் சீவிய மரத்துண்டை அவர் நீரில் எறிந்தாராம். பாஸ் ஒன்று அதனைப் பாய்ந்து தாக்கியதாம். அக்காட்சியிலிருந்து ஒரு தொழிற்சாலையே பிறந்தது.

பின்லாந்து நாட்டு ஏழை மீனவரான லௌரி ரப்பாலாவின் கதை இன்னும் சுவையானது. பெருமீன்கள் சிறுமீன் கூட்டத்தைத் தாக்கும்போது, நேராக நீந்தும் மீனை விட்டு, தள்ளாடித் தடுமாறும் மீனையே தேர்ந்து விழுங்குவதை அவர் தம் படகிலிருந்து கவனித்தார். 1936ஆம் ஆண்டில் தக்கையைச் செதுக்கி, சொக்கலேற் சுற்றிய ஈயத்தாளைப் போர்த்தி, நிழற்படச் சுருளை உருக்கி மேலே பூசி, தள்ளாடும் மீன் ஒன்றைச் செய்தார். இன்று உலகின் எந்தத் தூண்டிற்கடையிலும் அவர் பெயரைக் காணலாம்.

பிளாஸ்டிக் புழுவைச் செய்தவர் ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகரவாசியான நிக் கிரீம். 1949ஆம் ஆண்டில், மனைவியார் துணைநிற்க, வீட்டு அடுப்பிலே குழம்பு காய்ச்சுவது போலக் காய்ச்சி அச்சில் வார்த்தாராம்.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னர், “இத்தனையுள் எது சிறந்தது?” என்று வினவினோம். பெரியவர் சிரித்தார்.

“கடையிலே தொங்கும் பொய்யிரை முதலிற் பிடிப்பது மனிதனை, மீனைப் பிடிப்பது பிறகுதான். இளமையில் நானூறு வைத்திருந்தேன். இப்பொழுது ஐந்து வகை போதும் என்று கண்டுகொண்டேன்” என்றார்.

ஐந்து வகையும் அவற்றின் பாடமும்

விடியற்காலையிலே படகை நாணற் புதர்களின் ஓரமாகச் செலுத்தினார். முதலில் எடுத்தது நீர்மேல் மிதக்கும் இரை. புதரோரத்தில் மெல்ல விழுமாறு அதனை வீசிவிட்டு, ஒன்றுமே செய்யாது இருந்தார். விழுந்த இடத்திலிருந்து எழுந்த வளையங்கள் யாவும் விரிந்து மறைந்த பின்னரே தங்கூசியைச் சிறிது சுண்டினார். நீர் வெடித்தாற்போல ஓசை எழுந்தது. அப்பொழுதும் அவர் கோலை உயர்த்தவில்லை. மீனின் பாரம் கைக்கு எட்டிய பிறகே உயர்த்தினார். “கண் சொல்வதைக் கேட்டால் இழப்பீர்கள், கை சொல்வதைக் கேளுங்கள்” என்றார்.

வெயில் ஏறியதும், நாடியிலே சிறு தகட்டு நாக்குப் பொருத்திய மரமீனை எடுத்தார். இழுக்க இழுக்க அந்நாக்கு நீரை வெட்டி மீனைக் கீழே அமிழ்த்தும். நிறுத்தினால் மீன் மேலெழும். அடியிலுள்ள கல்லிலே முட்டும்படி இழுத்து, முட்டியவுடன் நிறுத்தவேண்டும். தடுமாறும் அக்கணத்திலேதான் பாஸ் தாக்கும். ரப்பாலா கண்ட உண்மை இங்கே மீண்டும் விளங்குகிறது.

மழையினால் நீர் கலங்கியிருந்தால், சுழலும் இலைத்தகடு பயன்படும். கலங்கல் நீரிலே மீன் கண்ணை மட்டும் நம்பாது. அதன் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பினால் நீரின் அதிர்வை அறியும். தகட்டின் சுழற்சியைத் தொலைவிலேயே உணரும்.

பாசி அடர்ந்த இடங்களுக்குப் பிளாஸ்டிக் புழு. தூண்டில் முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள் மறைத்து, துப்பாக்கிக் குண்டு வடிவான ஈயத்தை முன்னே கோத்துவிடுவர். முள் வெளியே தெரியாமையாற் பாசியிலே சிக்காது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் பெயரால் வழங்கும் கட்டு இது.

ஐந்தாவது வகை யப்பானியர் உலகுக்கு அளித்தது. ஈயத்தைத் தங்கூசியின் கடைசி முனையிலே கட்டி, அதற்கு ஒரு சாணுக்கு மேலே முள்ளைக் கட்டுவர். ஈயம் அடியிலே தங்கிவிட, சிறு புழுவொன்று இடம் பெயராது அந்தரத்திலே நடுங்கிக்கொண்டிருக்கும். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் தூண்டில் வீசும் ஏரிகளிலே மீன்களும் பாடம் படித்துவிடுகின்றன. அத்தகைய படித்த மீன்களுக்காக எழுந்த உபாயமே இது. 1990களில் அமெரிக்காவுக்குச் சென்று, அங்குள்ளாரும் கையாளும் முறையாயிற்று. 2004ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் தலையாய பாஸ் போட்டியில் தகாஹிரோ ஒமோரி என்னும் யப்பானியரே வெற்றி பெற்றார் என்பதும் அறியத்தக்கது.

நிறத்தைப் பற்றிப் பெரியவர் அதிகம் பேசவில்லை. தெளிந்த நீருக்கு இயற்கை நிறம், கலங்கிய நீருக்கு அழுத்தமான நிறம், அவ்வளவே. பருவத்தைப் பற்றியோ நெடுநேரம் பேசினார். கோடையிலே மீன் நிழலையும் பாசியையும் தேடும். இலையுதிர் காலத்திலே சிறுமீன் கூட்டங்களைத் துரத்தித் திரியும். மாரியிலே ஆழத்தில் சோம்பிக் கிடக்கும். அப்பொழுது இரையும் சோம்பலாகவே அசையவேண்டும். இளவேனிலிலே, நீர் 16 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டும்போது, ஆண்மீன் ஆழமற்ற மணற்பாங்கிலே வாலினால் குழி பறித்துக் கூடமைக்கும். பெண்மீன் முட்டையிட்டு அகன்றுவிட, ஆண்மீனே உண்ணாது காவல் நிற்கும். நெருங்கும் எதனையும் தாக்கும். “அக்காலத்திற் பிடிப்பது மிக எளிது. ஆகையினாலேயே இளமையில் நான் கூட்டின்மேல் வீசுவதில்லை என்று விரதம் கொண்டிருந்தேன்” என்றார் பெரியவர்.

ஒரே நிறையில் இரு மீன்கள்

கருவிகளின் பெருமையை அளவோடு கொள்ளவேண்டும் என்பதற்கு அவர் ஒரு கதையைச் சான்றாகக் கூறினார். 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள மொன்ற்கொமரி என்னும் நீர்நிலையில், ஜோர்ஜ் பெரி என்ற இளம் உழவர் 22 றாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். கொடிய பொருளாதார மந்தத்தின் காலம் அது. அவரும் தோழரும் கொண்டுசென்றது ஒரே ஒரு பொய்யிரை என்பர். மீனை நிறுத்துப் பதிவு செய்தபின், வீட்டார் அதனைச் சமைத்து உண்டுவிட்டனர்.

அச்சாதனையை எழுபத்தேழு ஆண்டுகள் எவரும் எட்டவில்லை. 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆந் திகதி, இதே பிவா ஏரியிலே, நாம் மேலே கூறிய பாலத்தின் அண்மையில், மனாபு குரிதா என்பவர் 10.12 கிலோகிராம் நிறையுள்ள பாஸைப் பிடித்தார். அது பெரியின் மீனிலும் ஓர் அவுன்சு அளவே கூடியது. இரண்டு அவுன்சாவது மிஞ்சினாலே புதிய சாதனை என்பது விதியாதலின், இருவரும் சமம் என்று சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 2010ஆம் ஆண்டில் அறிவித்தது. குரிதா கோத்தது பொய்யிரையன்று. புளூகில் என்னும் உயிர்மீன்.

அந்தப் புளூகிலும் அந்நிய மீனே. 1960ஆம் ஆண்டு சிக்காகோ நகரிலே, அப்பொழுது முடிக்குரிய இளவரசராக இருந்த அக்கிஹித்தோவுக்கு அது அன்பளிப்பாகக் கிடைத்தது. உணவாகும் என்றெண்ணி அவர் யப்பானுக்குக் கொணர்ந்தார். 2007ஆம் ஆண்டிலே, பிவாக் கரையிலுள்ள ஒட்சு நகரில் நடந்த விழாவிலே, பேரரசராக நின்று, அம்மீனால் விளைந்த கேட்டை எண்ணி மனம் நோவதாக அவர் வெளிப்படையாகக் கூறினார்.

வயிற்றைப் பிளந்து பார்த்தபோது

கரைக்கு மீண்டதும் நாம் கண்ட காட்சியே இப்பயணத்தில் நம் மனத்தை விட்டு நீங்காதது. பெரியவர் பிடித்த மீன்களுள் ஒன்றைப் பலகைமேல் வைத்து, கத்தியால் வயிற்றைக் கீறினார். உள்ளே இரண்டு இறால்களும், பாதி செரித்த சிறுமீன்கள் மூன்றும் இருந்தன. அவற்றை விரலால் வரிசையாக நிரைத்து வைத்தார்.

“இதுதான் என் பள்ளிக்கூடம். மீன் என்ன உண்கிறது என்று கண்டால், எந்தப் பொய்யிரை வீசவேண்டும் என்பது தெரிந்துவிடும். இளமை முதல் இப்படியே கற்றேன்” என்றார். பிறகு சற்று மௌனமாயிருந்து, “ஆனால் இதிலே என் தந்தையின் மீனையும் காண்கிறேன்” என்று அச்சிறுமீன்களைச் சுட்டினார். அவை மொரோகோக்கள்.

இக்கரையிலே புனாசூஷி என்றொரு பழைய உணவு உண்டு. சினை கொண்ட நிகோரொபுனாவை உப்பிலிட்டு, பின்னர்ச் சோற்றுக்கிடையே அடுக்கித் தொட்டியிலே பாரமேற்றி, ஓராண்டோ அதற்கு மேலோ புளிக்க வைப்பர். அதன் மணம் அந்நியரை ஓடச்செய்யும். கருவாட்டின் மணத்தோடு வளர்ந்த நமக்கோ அது புதுமையாகத் தோன்றவில்லை. பெரியவரின் தாயார் ஆண்டுதோறும் ஒரு தொட்டி நிறைய இடுவாராம். இப்பொழுது அம்மீன் அருகி விலையேறிவிட்டபடியால், வீட்டுத் தொட்டி வெறுமையாகக் கிடக்கிறது.

எல்லாப் பழியும் பாஸ் மீனையே சாருமா? இல்லை. கரையோர நாணற்காடுகளை அழித்ததும், நீர்மட்டத்தை மனிதர் தம் வசதிக்கேற்ப உயர்த்தித் தாழ்த்துவதும் நாட்டு மீன்களின் தொட்டிலைக் கெடுத்தன. ஆயினும் எஞ்சிய நாணலுக்குள்ளே ஒளிந்திருந்து குஞ்சுகளை விழுங்கும் இவ்வேட்டைக்காரனுக்கு அச்சிறுமீன்கள் பழகியவையல்ல.

அமெரிக்காவிலே, 1970கள் தொட்டு, பிடித்த பாஸை உயிரோடு திரும்ப விடுவதே பண்புள்ள தூண்டிற்காரனின் அடையாளமாயிற்று. பிவா அமைந்துள்ள ஷிகா மாகாணமோ அதற்கு நேர்மாறாக, பிடித்த அந்நிய மீனை ஏரியிலே திரும்ப விடலாகாது என்று 2003ஆம் ஆண்டில் விதித்தது. துறைகளிலே அவற்றை இடுவதற்குப் பெட்டிகளும் வைத்தது. 2005ஆம் ஆண்டு முதல், இம்மீனை உயிரோடு கொண்டுசெல்வதும் வேறிடத்தில் விடுவதும் நாடெங்கும் குற்றமாயின. ஒரு தேசத்தில் அறமாயிருப்பது மற்றொரு தேசத்தில் பிழையாகிறது. யப்பானுக்குள்ளேயே அஷி போன்ற நான்கு ஏரிகளில் மட்டும் பாஸ் பிடிக்கும் தொழிலுக்கு உரிமை உண்டு.

பெரியவர் தம் மீன்களைக் கையிலேந்தி அப்பெட்டியை நோக்கி நடந்தார். இடுமுன் ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். “இது எனக்கு நாற்பது ஆண்டு இன்பம் தந்த மீன். ஏரியின் ஆழத்தையும் காற்றையும் இதுவே எனக்குக் கற்பித்தது. இதன்மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் தந்தையின் ஏரியா, என் விளையாட்டா என்று கேட்டால், விடை ஒன்றுதான்” என்றார். இளமையிலே கூட்டின்மேல் வீசாதவர், இப்பொழுது இளவேனிலிலே கூடுகளைத் தேடி அங்கேயே முதலில் வீசுகிறார். காவல் மீன் போய்விட்டால் முட்டைகளைப் பிற மீன்கள் தின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். தம் விரதத்தைத் தாமே துறந்த அக்கதையைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

பெட்டிக்குப் போகாத ஒரு மீனை மாலையிலே தோலுரித்து, மாவிலே தோய்த்துப் பொரித்து நமக்கு அளித்தார். வாடை தோலிலேதான் உண்டு. சதை வெண்மையானது, இனியது.

நமக்கும் உரிய கதை

இக்கதை யப்பானுக்கு மட்டும் உரியதன்று. நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளிலே வெள்ளைக்காரத் துரைமார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே திரௌத்து மீனைக் கொணர்ந்து விட்டது தூண்டில் விளையாட்டுக்காகவே. 1952ஆம் ஆண்டில் நம் குளங்களுக்கு வந்த திலாப்பியாவோ ஏழைகளின் கறிச்சட்டிக்காக வந்தது. அது இன்று உள்நாட்டு மீனவர் பலரின் சோறாக விளங்குகிறது. வந்தவை யாவும் கெட்டவையல்ல என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ஒன்றை விடுவது ஒரு நாட் செயல். மீட்டெடுப்பது தலைமுறைகளாலும் முடியாத செயல். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அழகு மீன் அலுத்துவிட்டதென்று அருகிலுள்ள குளத்திலே கொட்டிவிடும் சிறுவர் நம் ஊர்களிலும் உண்டு. அவர்கள் இதனை நினைவில் வைத்தல் நன்று.

பிள்ளைகளைத் தூண்டிலோடு நீர்க்கரைக்கு அனுப்புவதிலே தவறில்லை. பொறுமையையும் கூர்ந்து நோக்கலையும் கற்பிக்க அதனிற் சிறந்த பள்ளி அரிது. ஆனால் கோலைக் கொடுக்கும்போது, பிடித்த மீனின் பெயரையும், அது எங்கிருந்து வந்தது என்பதையும், அதன் வயிற்றிலே இருந்தது எது என்பதையும் கேட்டறியும் வழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.